முகம் பார்க்கும் கல்லூரிகள்

சென்ற ஆண்டு ஜனவரியில், எங்கள் குழுவின் மாதாந்திரச் சந்திப்பு நண்பர் ஒருவரின் இல்லத்தில் நடந்தது. பேச்சு வழக்கம்போல் புத்தகங்களில் தொடங்கி எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. நண்பரின் காது மட்டும் அதில் இல்லை. உள்ளறையில் அவருடைய மகள் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தாள். அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றுக்கு விண்ணப்பித்திருந்த பெண் அவள். அவற்றுள் ஒரு கல்லூரி, தன் முன்னாள் மாணவர் எவரேனும் மின்னஞ்சல் வழியே தொடர்புகொண்டு அவளை நேர்காணக்கூடும் என்று அறிவித்திருந்தது. 'கூடும்' என்ற அந்த ஒற்றைச் சொல் அவ்வீட்டின் உறக்கத்தைக் கெடுத்திருந்தது. நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்பாம் பெட்டியை அவள் நான்கு முறையேனும் திறந்து பார்த்திருப்பாள்.

விடைபெறும்போது நண்பர் வாசல்வரை வந்தார். "கூடப் படிக்கிற பையனுக்குப் போன வாரமே வந்துடுச்சாம். இவளுக்கு வரலேன்னா, கழிச்சுட்டாங்கன்னுதானே அர்த்தம்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அப்படி இல்லை என்று சொன்னோம். அந்தந்த ஊரில் தன்னார்வலராக நேர்காண முன்வரும் முன்னாள் மாணவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அழைப்பு அமைகிறது. அழைப்பு வராததால் விண்ணப்பத்துக்குக் குறையொன்றும் நேராது என்றே அக்கல்லூரிகள் எழுதி வைத்திருக்கின்றன. நண்பருக்கு இந்த விடை போதவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் போதவில்லை. வராவிட்டால் குறையில்லை என்றால் எதற்காக வர வேண்டும்? தேர்வு மதிப்பெண்ணும் ஆசிரியர் கடிதமும் விண்ணப்பதாரரே எழுதிய கட்டுரையும் கையில் இருக்க, என்றோ படித்து முடித்துப் போன ஒருவர் காப்பிக் கடையில் அமர்ந்து ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அறிந்து சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் இக்கட்டுரை எழுதும்படி ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அன்று ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா முதலிய கல்லூரிகளில் நுழைவது பெரும்பாலும் தேர்வு எழுதித்தான். 1900இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அமைந்தது. 1901 ஜூன் மாதத்தில் அதன் முதல் தேர்வு நடந்தது. இலத்தீன், கணிதம், வரலாறு என்று எழுதித் தேறியவருக்குக் கதவு திறந்தது. கட்டணம் செலுத்த வசதி வேண்டும், அத்தேர்வுக்குத் தயார் செய்யும் பள்ளியில் படித்திருக்கவும் வேண்டும் என்பதால் ஏழைகள் தாமாகவே விலகி நின்றனர் என்பது வேறு விஷயம். ஆயினும் அன்றைய மாணவன் காத்திருந்தது தான் எழுதிய விடைத்தாளுக்காக. தன்னை எவரேனும் பார்க்க விரும்புவாரா என்ற ஏக்கம் அவனுக்குத் தேவைப்படவில்லை.

சிக்கல் எங்கே தொடங்கியது என்றால், அத்தேர்வில் யார் தேறுகிறார்கள் என்பதில். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படித்து, தேர்வில் தேறி, கல்லூரிக்குள் வரத் தொடங்கினர். 1900ஆம் ஆண்டில் ஹார்வர்டில் நுழைந்த மாணவரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருந்த யூதர்கள், 1922இல் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டனர். கொலம்பியாவில் அதைவிடவும் அதிகம். செல்வந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கொலம்பியாவை விட்டு வேறிடம் தேடிப் போகிறார்கள் என்ற அச்சம் மற்றக் கல்லூரித் தலைவர்களையும் பற்றிக்கொண்டது.

1909 முதல் 1933 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்தவர் ஏ. லாரன்ஸ் லோவெல். (சாக்கோ, வன்சட்டி என்ற இரு இத்தாலியத் தொழிலாளர்களின் மரண தண்டனையை 1927இல் மறு ஆய்வு செய்து, விசாரணையில் பிழையில்லை என்று முடிவு சொன்ன குழுவின் தலைவரும் இவரே. கறுப்பின மாணவர்களை முதலாண்டு விடுதிகளில் சேர்க்க மறுத்ததும் இவர்தான். அம்முடிவை நிர்வாகக் குழுவினர் 1923இல் மாற்ற வேண்டியிருந்தது.) 1922இல் லோவெல் ஒளிவு மறைவின்றி ஒரு வழி சொன்னார்: யூத மாணவரின் எண்ணிக்கைக்கு நூற்றுக்குப் பதினைந்து என்று வரம்பு கட்டிவிடலாம். செய்தித்தாள்களில் இது வெளியாகிக் கண்டனம் எழுந்தது. ஆராய அமைக்கப்பட்ட குழு 1923இல் இன வரம்பு கூடாது என்று அறிக்கை தந்தது. இத்துடன் கதை முடிந்திருந்தால் நாங்கள் எழுதப் புகுந்திருக்க மாட்டோம்.

வெளிப்படையான வரம்பு போயிற்று. அதன் இடத்தில் 'குணநலன்' வந்து அமர்ந்தது. 1922 இலையுதிர் காலத்திலேயே ஹார்வர்டின் விண்ணப்பப் படிவம் மாறிவிட்டது. இனமும் நிறமும் என்ன, சமயம் எது, தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் யாது, தந்தை பிறந்த ஊர் எது என்று அது கேட்டது. பிறந்த பிறகு உன் பெயரிலோ உன் தந்தையின் பெயரிலோ மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா, விளக்குக என்றும் கேட்டது. பெயரை மாற்றிக்கொண்டு உள்ளே நுழைபவனைப் பிடிக்கும் வலை அது. 1926இல் முதலாண்டு மாணவர் எண்ணிக்கை ஆயிரம் என வரம்பிடப்பட்டது. இடம் குறைவாயின் தேர்ந்தெடுக்க வேண்டும்; தேர்ந்தெடுக்க வேண்டுமாயின் மதிப்பெண்ணுக்கு அப்பாலும் பார்க்க வேண்டும். பரிந்துரைக் கடிதம், புகைப்படம், நேர்முகம் ஆகியவை இந்த வாசல் வழியாகத்தான் வரிசையாக உள்ளே வந்தன. 1925இல் நூற்றுக்கு இருபத்தேழைத் தாண்டியிருந்த யூத மாணவர் பங்கு, லோவெல் பதவி விலகிய காலத்தில் அவர் முதலில் கேட்ட பதினைந்தை ஒட்டி வந்து நின்றது. வரம்பு என்ற சொல் எந்த ஆவணத்திலும் ஏறாமலே வரம்பு நிறைவேறியது.

முன்னாள் மாணவரை இந்த வேலைக்கு முறையாக அமர்த்திய பெருமை, அதைப் பெருமை என்று சொல்ல முடியுமானால், நியூ ஹாம்ஷைர் மாநிலத்து டார்ட்மத் கல்லூரியைச் சேரும். அதன் தலைவர் எர்னஸ்ட் மார்ட்டின் ஹாப்கின்ஸ் 1920களின் தொடக்கத்தில் புதிய தேர்வு முறையொன்றைக் கொண்டுவந்தார். தகுதியுள்ள முன்னாள் மாணவர் மக்களுக்கும் உள்ளூர் மாநிலத்தாருக்கும் முன்னுரிமை. மிஸிஸிப்பி ஆற்றுக்கு மேற்கேயும் பொட்டோமாக் ஆற்றுக்குத் தெற்கேயும் வசிப்போருக்கும் முன்னுரிமை. நாட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் மாணவர் வரட்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் நியூயார்க்கின் யூதப் பிள்ளைக்கு அந்த வரைபடத்தில் இடம் சுருங்கிப்போவதைக் கவனிக்க வேண்டும். தொலைதூரத்து மாணவனை யார் பார்ப்பது? இரயிலில் நாள்கணக்கில் பயணம் செய்து அவன் கல்லூரிக்கு வர இயலாது. அவனுடைய ஊரிலேயே வழக்கறிஞராகவோ வங்கியாளராகவோ வாழும் முன்னாள் மாணவர் அவனை அழைத்துப் பேசி, தம் மதிப்பீட்டை எழுதி அனுப்பினார்.

அந்த வழக்கறிஞருக்கு என்ன தெரியும்? பையனுக்குக் கணிதம் வருமா என்பதைத் தேர்வு சொல்லிவிடும். அதற்கு அவர் தேவையில்லை. அவரால் விடை சொல்லக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். பையன் நம்மவனா? கை குலுக்கும் முறை, உடை, உச்சரிப்பு, விளையாட்டில் ஈடுபாடு, தந்தை செய்யும் தொழில் எல்லாம் அந்த ஒரு கேள்வியின் உட்கேள்விகள். பெண் பார்க்கப் போகும் நம் வீட்டுப் பெரியவர்கள் இக்கலையில் வல்லவர்கள் என்பதால் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அவர்களில் பலர் மனத்தில் வஞ்சம் ஏதுமின்றியே பார்த்திருப்பார்கள் என்றும் நம்புகிறோம். தன்னைப் போன்றவனைக் கண்டால் மனம் தானாக இளகும். அந்த இளக்கத்துக்குக் 'குணநலன்' என்று பெயரிட்டுவிட்டால் போதும்.

இந்த வாசலில் நின்றவர்களில் ஒருவரை நம் வாசகர் அனைவரும் அறிவர். ஐசக் அசிமோவ். ரஷ்யாவில் பிறந்து மூன்று வயதில் அமெரிக்கா வந்து, புரூக்ளினில் தந்தை நடத்திய மிட்டாய்க் கடையில் வளர்ந்தவர். 1935 ஏப்ரலில், பதினைந்து வயதில், கொலம்பியாக் கல்லூரியின் நேர்முகத்துக்குத் தந்தையுடன் சென்றார். அவரைக் கண்டவர் முன்னாள் மாணவர் அல்லர், கல்லூரியே அமர்த்திய அலுவலர். பார்வை மட்டும் அதே பார்வை. வயது போதாது என்று சொல்லி, புரூக்ளினில் கொலம்பியா 1928இல் தொடங்கியிருந்த சேத் லோ இளநிலைக் கல்லூரிக்குப் போகலாம் என்று திருப்பிவிட்டார்கள். அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் யூதர்களும் இத்தாலிய வம்சாவளியினரும். வயது போதாத பையனுக்கு அந்த வளாகம் மட்டும் எப்படிப் பொருந்தியது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இடையில் சில நாள் அசிமோவ் நியூயார்க் நகரக் கல்லூரிக்கும் போனார். கட்டணமில்லாத கல்லூரி அது. மதிப்பெண் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும், முகம் பார்ப்பதில்லை. ஆயினும் அவர் சேத் லோவுக்கே திரும்பினார். அக்கல்லூரி மூடப்பட்ட பிறகு கொலம்பியாவின் முதன்மை வளாகத்திலேயே படித்து 1939இல் பட்டம் பெற்றார். முதன்மைக் கல்லூரியின் மாணவராக அல்ல. விரிவாக்கப் பிரிவின் மாணவராக. அதனால் பட்டத்தின் பெயரும் வேறு. மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார், எல்லாம் மறுத்தன. நேர்முகங்களில் தான் ஒருபோதும் நல்ல தோற்றம் ஏற்படுத்தியதில்லை என்று பிற்காலத்தில் அவரே தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு இதில் மனம் கனக்கிறது. ஏறத்தாழ ஐந்நூறு நூல்களை எழுதியோ தொகுத்தோ வெளியிட்ட மனிதர், அரை மணி நேரத்தில் தன்னைப் பிறர் விரும்பும்படி செய்யத் தெரியாததைத் தன் குறையாகவே கணக்கில் எழுதிக்கொண்டார்.

அதே 1935இல் நியூயார்க்கின் மற்றொரு மூலையிலிருந்து கொலம்பியாவுக்கு விண்ணப்பித்த இன்னொரு யூத இளைஞரும் மறுக்கப்பட்டார். ரிச்சர்ட் ஃபைன்மன். அவரை எம்.ஐ.டி. சேர்த்துக்கொண்டது. இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குச் சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து வந்தது.

போருக்குப் பிந்தைய கதையை விரைவாகவே சொல்லிவிடலாம். லோவெலுக்குப் பின் வந்த ஜேம்ஸ் பிரயண்ட் கோனன்ட் 1934இல் தேசிய உதவித்தொகைகளைத் தொடங்கி, திறனறித் தேர்வைக் கொண்டு நாட்டின் நடுப்பகுதியில் மாணவரைத் தேடினார். 1944ஆம் ஆண்டுச் சட்டம் போர் முடித்துத் திரும்பிய வீரர்களுக்குக் கல்விச் செலவை ஏற்றது. விண்ணப்பங்கள் பெருகின, வெளிப்படையான யூத வெறுப்பு வெட்கப்படத்தக்கதாயிற்று. ஆனால் கருவிகள் அழியவில்லை. கடிதம், கட்டுரை, நேர்காணல் எல்லாம் அப்படியே நின்றன. அவற்றைக் கையாண்ட நோக்கம்தான் காலந்தோறும் மாறியது. ஊர் ஊராக இருந்த முன்னாள் மாணவர் குழுக்களுக்குப் புதிய வேலையும் சேர்ந்தது: நல்ல மாணவன் வேறு கல்லூரிக்குப் போய்விடாமல் தம் கல்லூரியின் அருமையை எடுத்துச் சொல்வது. நீதிபதியே தரகரும் ஆனார் எனலாம். பின்னர் பெண்களும் கறுப்பின மாணவரும் பெருமளவில் உள்ளே வந்தபோது, மதிப்பெண்ணுக்கு அப்பால் பார்க்கும் அதே முறை அவர்களுக்கு உதவவும் செய்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1980களில் முணுமுணுப்பு மீண்டும் எழுந்தது. இம்முறை ஆசிய அமெரிக்கரிடமிருந்து. இந்திய வம்சாவளியினரும் அவ்வகையில் அடக்கம். 1988இல் தொடங்கிய அரசு விசாரணை, ஹார்வர்டு பாகுபாடு காட்டவில்லை, முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் தரும் சலுகையே வேறுபாட்டுக்குக் காரணம் என்று 1990இல் முடிவு சொன்னது. ஆயினும் விண்ணப்பங்களின் ஓரங்களில் அலுவலர்கள் எழுதியிருந்த குறிப்புகளில், அமைதியானவர், கூச்சமுள்ளவர், அறிவியலில் நாட்டமுள்ளவர் என்ற வகைச் சொற்கள் ஆசிய மாணவர்கள்மேல் திரும்பத் திரும்ப விழுந்திருப்பதையும் அவ்விசாரணை கண்டது.

2014இல் தொடுக்கப்பட்டு 2018 அக்டோபரில் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த வழக்கில்தான், அதுவரை மூடிய அறைக்குள் நடந்தவை வெளியே வந்தன. விண்ணப்பத்தை முதலில் படிக்கும் அலுவலர் படிப்பு, பிற ஈடுபாடுகள், விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனியே எண் இடுகிறார். நேர்காணல் நடத்தும் முன்னாள் மாணவரும் தம் பங்குக்கு எண் இடுகிறார், ஆளுமைக்கும் சேர்த்து. முடிவில் நாற்பது பேர் கொண்ட குழு வாக்களிக்கிறது.

இங்கே வழக்குத் தொடுத்தவர்கள் ஹார்வர்டின் கணக்கிலிருந்தே ஒரு செய்தியை எடுத்துக் காட்டினர். அலுவலர்கள் இட்ட ஆளுமை மதிப்பீட்டில் ஆசிய அமெரிக்கர் மற்ற எல்லா இனத்தாருக்கும் கீழே நின்றனர். நேரில் உட்கார்ந்து பேசிய முன்னாள் மாணவர்களின் ஆளுமை மதிப்பீட்டிலோ வெள்ளையருக்கு ஏறக்குறைய இணையாக நின்றனர். அலுவலர்கள் அம்மாணவரில் பெரும்பாலோரைக் கண்ணால் கண்டதில்லை. கடிதமும் கட்டுரையும் ஆசிரியர் கருத்துமாக அனைத்தையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் நாங்கள், முன்னாள் மாணவர் அறிவது ஓர் உரையாடலை மட்டுமே என்று ஹார்வர்டு விடை கூறியது.

இந்த இடத்தைப் படித்தபோது நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். நம்மவனா என்று பார்த்துச் சொல்வதற்காக, நூறு ஆண்டுகளுக்கு முன்பு, முகத்தைக் காண அனுப்பப்பட்டவர்கள் முன்னாள் மாணவர்கள். வெளியே நிறுத்துவதற்காக உருவான கருவி அது. நூற்றாண்டு திரும்பியபோது, காப்பிக் கடையில் எதிரே அமர்ந்து பேசியவருக்கு அந்தப் பிள்ளையிடம் குறையொன்றும் தென்படவில்லை. காகிதத்தில் மட்டும் பார்த்தவருக்குத் தென்பட்டது. அந்த முன்னாள் மாணவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நாற்பது நிமிடம் ஒருவரோடு பேசிவிட்டால் 'அமைதியானவர், கூச்சமுள்ளவர்' என்ற ஆயத்தச் சொற்களை எழுதுவது கொஞ்சம் கடினம், அவ்வளவே.

2019இல் நீதிபதி ஆலிசன் பரோஸ், ஹார்வர்டு வேண்டுமென்றே பாகுபாடு காட்டவில்லை என்று தீர்ப்பளித்தார். தம்மை அறியாத சாய்வு குறித்து அலுவலர்களுக்குப் பயிற்சி தரலாம் என்றும் சொன்னார். 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு வழக்கில் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில், அம்முடிவை மாற்றிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் முறையையே ஒழித்தது. அத்தீர்ப்பு நல்லதா தீயதா என்பது தனிக் கட்டுரைக்கான பொருள். எங்கள் குழுவுக்குள்ளேயே அதில் ஒருமித்த கருத்து இல்லை. ஹார்வர்டுக்கு அதற்கு முந்தைய ஆண்டு 60,000க்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன என்பதையும் 2,000க்கும் குறைவானவர்களே ஏற்கப்பட்டனர் என்பதையும் அத்தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. இத்தனை பேரை நேர்காண உலகில் எத்தனை முன்னாள் மாணவர்தாம் இருக்க முடியும்? பிரௌன் பல்கலைக்கழகம் நேர்காணலைக் கைவிட்டு, மாணவரே பதிவு செய்து அனுப்பும் சிறு காணொளியை ஏற்றுக்கொண்டுவிட்டது. அசிமோவின் முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிய கொலம்பியாவும் 2023ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து முன்னாள் மாணவர் நேர்காணலை நிறுத்திவிட்டது.

நண்பரின் மகளுக்கு அந்த மின்னஞ்சல் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் வந்தது. ஸ்பாம் பெட்டியில் அன்று, நேராகவே வந்தது. எழுதியவர் பெங்களூரில் வசிப்பவர். அலுவலக வேலையில் மூழ்கித் தாமதமாகிவிட்டது என்று மன்னிப்பும் கேட்டிருந்தார். ஐந்து வாரமாக ஒரு குடும்பம் தன் மகளைப் பற்றிய தீர்ப்பு என்று எண்ணி நடுங்கியது, யாரோ ஒருவருடைய வேலைப் பளுவைத்தான். காணொளி வழியே முக்கால் மணி நேரம் பேசினார்கள். என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்டாராம். பாடத்தைச் சொல்லத் தொடங்கியவளை நிறுத்தி, அதுவல்ல, இரவில் என்ன படிக்கிறாய் என்று கேட்டாராம். அதன்பிறகு நேரம் போனதே தெரியவில்லை என்றாள்.

நாங்கள் படித்து வைத்திருந்த இந்தக் கதையை அவளிடம் அப்போது சொல்லவில்லை. நண்பர் மட்டும் எங்களைத் தனியே அழைத்து, "இவ்வளவு லேட்டா கூப்பிட்டாங்கன்னா, அதுக்கும் ஏதாவது அர்த்தம் இருக்குமோ?" என்று கேட்டார். முடிவு அறிவிக்கும் மார்ச் மாத இறுதிக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன.